வீட்டுப் புகையிலையும் விடியற்காலைப் பனியும்



கடைப் புகையிலை விலை ஏறிப்போச்சு, வீட்டுக்குப் பின்னால் நாலு செடி வைத்தால் என்ன என்று செமிலிங் பக்கம் கேட்கிறார்கள். விற்றுக் காசாக்க நினைப்பவர்கள் கிளந்தானைப் பாருங்கள். 1973 முதல் தேசியப் புகையிலை வாரியம் இருந்தும், 2010-இல் ஆசியான் வரி குறைந்த பிறகு அங்கே பலர் கெனாஃப் பயிருக்கு மாறினார்கள்.

சொந்த உபயோகத்துக்கென்றாலும் பாடு உண்டு. விதை தூசி மாதிரி. ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கு மேல். மண்ணில் புதைக்காமல் தூவி, ஆறேழு வாரம் நாற்றாக வளர்த்து நடணும். மொட்டு வந்ததும் நுனியைக் கிள்ளி, பக்கக் குருத்தையும் ஒடித்தால்தான் இலை தடிக்கும். பதப்படுத்துவதில்தான் புது ஆட்கள் கோட்டை விடுவது. அவசரமாகக் காயவைத்த இலை பச்சையாகவே நின்றுவிடும். நிழலில் தொங்கி, மஞ்சளாகி, பிறகுதான் பழுப்பாகணும்; ஒரு மாதமாவது பிடிக்கும். புகைக்கொட்டகையில் எடுத்தவுடன் சூடு ஏற்றினால் ரப்பர் ஷீட்டு கொப்புளம் விடுமே, அதே கதை!

இதெல்லாம் பழகிவிடும். நான் அஞ்சுவது பனிக்கு. ஈர இலையைத் தொட்டால் நிக்கோட்டின் நஞ்சு தோல் வழியாகவே உடம்பில் ஏறும். தலை சுற்றும், வாந்தி வரும். 1970-லேயே அமெரிக்காவின் புளோரிடாவில் வைத்தியர்கள் இதை எழுதிவைத்தார்கள். நாமோ விடியலில் வேலை பார்த்துப் பழகியவர்கள். வெட்டுக்குப் போகும் அவசரத்தில் பிள்ளைகளை இலை பறிக்க விடாதீர்கள்.

வெத்தலையோடு மெல்லுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வீட்டில் வளர்ந்த இலை என்பதற்காக வாய்ப்புற்று விலகிப் போகாது.

பறிக்கத்தான் வேண்டுமென்றால் பனி காய்ந்த பிறகு, நீளக்கைச் சட்டை, கையுறையோடு பெரியவர்களே பறிக்கணும். நனைந்த துணியை மாற்றி, உடனே சோப்புப் போட்டுக் கழுவணும். குமட்டினால் வெயில் மயக்கம் என்று மழுப்பாமல், புகையிலை பறித்தேன் என்று கிளினிக்கில் சொல்லுங்கள்.