அமைதியான கடல் எங்கே?

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் நின்றால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கப்பல்கள். எனக்குப் பிடித்த காட்சி அது. ஆனால், நீர்மூழ்கிக் கப்பலைச் சோதிக்கும் பொறியாளரிடம் கேட்டால், இதைவிட மோசமான இடம் இல்லை என்பார்.

காரணம் சத்தம். நீர்மூழ்கியின் பலமே அது ஓசையின்றி நகர்வதுதான். அதன் மெல்லிய இரைச்சலை அளக்க, சுற்றியுள்ள கடல் அதைவிட அமைதியாக இருக்க வேண்டும். மேளம் கொட்டும் கல்யாண மண்டபத்தில் கைக்கடிகாரத்தின் டிக் டிக் கேட்குமா?

அப்படிப்பட்ட அமைதியைத் தேடிய அமெரிக்கக் கடற்படை, 1960களில் பஹாமாசின் ஆண்ட்ரோஸ் தீவுக்குப் போனது. அதன் கிழக்கே, ஆழமற்ற திட்டுகளுக்கு நடுவே, ஏறத்தாழ 2 கிலோமீட்டர் வரை ஆழமுள்ள பள்ளம் இருக்கிறது. பெருங்கடலின் இரைச்சலையும் கப்பல் போக்குவரத்தையும் அந்தத் திட்டுகள் தடுத்துவிடுகின்றன. கடலடியில் வரிசையாக ஒலிவாங்கிகளைப் பதித்தார்கள். நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். சோதனைக் கப்பல் எழுப்பும் ஒலி ஒவ்வோர் ஒலிவாங்கிக்கும் வெவ்வேறு நேரத்தில் சென்றுசேரும். அந்த வித்தியாசத்தை வைத்துக் கப்பல் இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறார்கள்.

கடலே வேண்டும் என்பதில்லை. கடலிலிருந்து வெகுதூரத்தில் உள்ள ஐடஹோ மாநிலத்தின் பெண்ட் ஓரேய் ஏரி, சுமார் 350 மீட்டர் ஆழம். அங்கே மாதிரி நீர்மூழ்கியை அடிக்கு இழுத்துச் சென்று விட்டுவிடுவார்கள். எஞ்சின் ஓடாமல், மிதப்பு விசையாலேயே அது மேலே வரும். அப்போது அதன் உடலில் நீர் உரசும் ஓசை மட்டும் தனியாகக் கேட்கும். கனடாவின் நனூஸ் பகுதியில் வேறொரு வசதி. அங்கே கடலடி மென்மையான சேறு என்பதால், சோதித்த டார்பிடோ மூழ்கினாலும் மீட்டுவிடலாம்.

ஆனால், அமைதியான ஆழ்கடல் திமிங்கிலங்களுக்கும் வேண்டும். 2000 மார்ச்சில், பஹாமாசில் கடற்படைப் பயிற்சி நடந்த நேரத்தில் 17 கடல் பாலூட்டிகள் கரையொதுங்கின. கப்பல்களின் சோனார் ஒலியே காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்க அரசின் விசாரணையே சொன்னது. பிறகு, ஆண்ட்ரோஸ் ஒலிவாங்கிகளைக் கொண்டே விஞ்ஞானிகள் அலகுத் திமிங்கிலங்களைக் கவனித்தார்கள். சோனார் ஒலித்ததும் அவை இரை தேடுவதை நிறுத்தி விலகிப் போயின. திரும்பி வரச் சில நாள் ஆயிற்று.

ஒரு நாட்டுக்குப் பாதுகாப்பு தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், இடம் தேடுவோர் ஆழம், ஓசை, சேறு என்று பட்டியல் போடும்போது, அங்கே ஏற்கெனவே குடியிருப்பது யார் என்ற கேள்வியை முதல் வரியில் எழுத வேண்டும் என்பேன்.