தூக்குவாளியும் நெகிழிப் பையும்

2013ஆம் ஆண்டு நிறுமங்கள் சட்டம், பெருநிறுமங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடப் பணிக்கிறது. நிகர இலாபம் 5 கோடி ரூபாய் முதலான அதன் வரம்புகள், புதுக்கோட்டைத் தெருக்களின் சிற்றுணவகங்களுக்கு எட்டாத உயரத்தில் உள்ளன. அங்கே கடையின் சமூகப் பொறுப்பை எடைபோட வேண்டியவர் உண்பவரே. அவரோ விலையையும் சுவையையும் மட்டுமே வினவுகிறார்.

2019 சனவரி முதல் நாள், ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழக அரசு தடை விதித்தது. ஆயினும், தூக்குவாளி சுமக்கச் சோம்பும் வாடிக்கையாளர் சாம்பாரைப் பையில் கட்டித் தருமாறு கேட்கிறார். மறுக்கும் கடைக்காரர் அவரை இழக்கிறார். மறுக்காத அடுத்த கடைக்காரர் பெறுகிறார். சட்டத்தை மதித்தவருக்கே நட்டம். விந்தையான வணிகம் இது! பாத்திரம் கொணர்வோருக்கு இரண்டு ரூபாய் குறைத்துத் தரும் கடையை மக்கள் தேடிச் செல்லத் தொடங்கினால், அடுத்த கடையின் கணக்கும் மாறும்.