ராஜ ரத்தமும் நம் ரசனையும்

நம்முடைய சரித்திரக் கதைகளில் வாரிசு என்பவன் பிறக்கும்போதே வாரிசாகப் பிறக்கிறான். நடையில் தெரியும், நெற்றியில் தெரியும், குதிரைகூட அவனைக் கண்டுகொண்டுவிடும். வியாபாரப் பத்திரிகைகள் இந்த அசட்டுத்தனத்தை எழுபது வருஷங்களாக விற்று வருவதில் வியப்பில்லை. அது அவர்கள் பிழைப்பு. ஆனால் 'பொன்னியின் செல்வன்' 2022-லும் 2023-லும் சினிமாவாக வந்த பிறகு, கல்கியை ஒருநாளும் இலக்கியமாக ஒப்புக்கொள்ளாத நம் சிறு வட்டத்து நண்பர்களே, "என்ன இருந்தாலும் பட்டத்துக்கு அன்று ஒரு முறை இருந்தது, ஒரு தர்மம் இருந்தது" என்று பேச ஆரம்பித்திருக்கிறார்கள். இருந்ததா? இதைக் கேட்டுத்தான் ஆகவேண்டியிருக்கிறது.

சோழர்களையே எடுத்துக்கொள்வோம். கண்டராதித்தனுக்குப் பின் பட்டம் அவன் மகனுக்குப் போகவில்லை. தம்பி அரிஞ்சயனுக்குப் போயிற்று, அவனுக்குப் பின் அவன் மகன் சுந்தர சோழனுக்கு. பிறகு திரும்பிக் கண்டராதித்தன் மகன் உத்தமனிடம் வந்தது. 985-ல் மறுபடி சுந்தர சோழனின் மகன் அருள்மொழியிடம். உத்தமனுக்கும் ஒரு மகன் இருந்தான். அவன் ராஜராஜன் காலத்தில் கோயில் காரியங்களை விசாரிக்கும் அதிகாரியாக இருந்தான். மூத்தவன் கிளையா, இளையவன் கிளையா, எந்த முறைப்படி இது நடந்தது? எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டில் 1905-ல் கிடைத்த செப்பேடுகள், சிற்றப்பனுக்கு ஆசை உள்ளவரை அருள்மொழி அரியணையை மனத்தாலும் விரும்பவில்லை என்று சொல்கின்றன. நல்லது. அந்தச் செப்பேடுகளை வெட்டுவித்தவன் யார்? அருள்மொழியின் மகன் ராஜேந்திரன். வென்றவனின் மகன் எழுதிவைத்த தியாகம் அது. கல்கி அதை நாவலாக்கினார், நாம் அதைத் தர்மமாக்குகிறோம்.

சோழர் காலம் பழங்கதை, ஆதாரம் குறைவு என்பார்கள். சரி, காகிதமெல்லாம் பத்திரமாக இருக்கிற காலத்துக்கு வருவோம். தஞ்சை மராட்டிய ராஜா துளஜா 1787-ல், சாகும் தறுவாயில், சரபோஜியைச் சுவீகாரம் எடுத்தார். துளஜாவின் மாற்றாந்தாய் மகன் அமர்சிங் எதிர்த்தார். பையன் ஒரே பிள்ளை, வயதும் கடந்துவிட்டது, ஆகவே சுவீகாரம் செல்லாது என்று பண்டிதர்கள் சாஸ்திரம் சொன்னார்கள். கம்பெனி அமர்சிங்கை உட்கார வைத்தது. சில வருஷம் கழித்துக் கம்பெனி மறுபடி பண்டிதர்களைக் கேட்டது. இப்போது சுவீகாரம் செல்லும் என்று சாஸ்திரம் சொல்லிற்று. அமர்சிங்கின் தாய் முறைப்படி மணந்தவளா, கத்தி வைத்து மணம் முடித்தவளா என்ற பேச்சும் கூடவே எழுந்தது. 1798-ல் சரபோஜி ராஜா. 1799-ல் அவர் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் நாடு கம்பெனிக்குப் போயிற்று. அவருக்குக் கோட்டையும், வருஷத்துக்கு ஒரு லட்சம் வராகனும், நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும். சாஸ்திரத்தின் அபிப்பிராயம் ஏன் மாறியது என்பதற்கு இதற்கு மேல் வியாக்கியானம் வேண்டாம். சரஸ்வதி மஹால் புத்தகங்களுக்காக சரபோஜியை நானும் மதிக்கிறேன். புத்தகம் சேர்த்த கை வேறு, உடன்படிக்கையில் கையெழுத்திட்ட கை வேறு என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

அடுத்த தலைமுறையில் இந்த விதியின் சுயரூபம் இன்னும் நன்றாகத் தெரிகிறது. சரபோஜியின் மகன் சிவாஜி 1855-ல் ஆண் பிள்ளை இல்லாமல் இறந்தார். மகள் இருந்தாள், மகள் வாரிசாக மாட்டாள் என்று ராஜ்யமே முடிந்துபோனதாகக் கம்பெனி தீர்மானித்தது. மூத்த ராணி காமாட்சி பாய் வழக்காடி சென்னையில் ஜெயித்தார். 1859-ல் லண்டன் பிரிவி கவுன்சில், இது அரசு அதிகாரத்தின் செயல், எந்த நீதிமன்றமும் தலையிட முடியாது என்று சொல்லி அதைத் தள்ளிவிட்டது. நான்கே வருஷம் கழித்து, 1863-ல், அதே பிரிவி கவுன்சில் சிவகங்கை ஜமீனை காத்தம நாச்சியாருக்குத் தந்தது. அவரும் மகள்தான், 1829-ல் இறந்த கௌரி வல்லபத் தேவரின் மகள். ஜமீன் தகப்பனார் தாமே அடைந்த சொத்து, ஆகவே பங்காளிகளுக்கு அல்ல, மகளுக்கு என்பது தீர்ப்பு. சொத்து என்றால் மகளுக்கு வரலாம். ராஜ்யம் என்றால் வராது. ரத்தம் இரண்டிலும் ஒன்றுதானே?

நான் வங்கிக் குமாஸ்தா. இறந்தவர் கணக்கில் கிடக்கும் பணம் யாருக்கு என்பது அடிக்கடி என் மேஜைக்கு வரும் கேள்வி. நாமினி என்று எழுதப்பட்டவர் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். அதனால் அவர் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. உரியவர்களுக்காகக் கையில் வைத்திருப்பவர், அவ்வளவுதான். அரசன் என்பவன் அதிகம் போனால் ஒரு நாமினி. யாருக்காக வைத்திருந்தான் என்று நம் சரித்திர நாவலாசிரியர்களில் ஒருவராவது கேட்டதுண்டா?

வெளிநாட்டில் திருத்திவிட்டார்களே என்று படித்த நண்பர்கள் சொல்வார்கள். ஸ்வீடனில் 1980 ஜனவரி முதல் நாள் சட்டம் மாறியது. ஏழு மாதக் குழந்தையின் பட்டம் அவன் அக்காளுக்குப் போயிற்று. குழந்தைக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. பட்டம் ரத்தத்தில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நிரூபணம் வேண்டுமா? பிரிட்டன் 2015-ல் நடைமுறைப்படுத்திய சட்டம், 2011 அக்டோபர் 28-க்குப் பின் பிறந்தவர்களுக்கு மட்டும் ஆணும் பெண்ணும் சமம் என்றது. முன்பே பிறந்த பெண்கள் தம்பிகளுக்குப் பின்னால்தான். நாம் சிரிக்க வேண்டாம். 1989-ல் தமிழ்நாடு மகளுக்குக் குடும்பச் சொத்தில் பங்கு தந்தபோது, அதற்குமுன் கல்யாணமாகிவிட்ட மகளை வெளியே நிறுத்தியது. 2005-ல் மத்தியச் சட்டம் வந்துதான் அந்தக் கதவு திறந்தது.

இங்கே அனுப்பம்பட்டில் உட்கார்ந்துகொண்டு ராஜாக்களைப் பற்றி எனக்கென்ன கவலை என்று கேட்கலாம். பழவேற்காட்டு ஏரிக் குப்பங்களில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதைச் சீட்டெடுத்து முறைவைத்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவனிடமே தங்கிவிடாது. இந்த அளவில் எந்த ராஜவம்சத்தையும்விட நாகரிகமான ஏற்பாடு. ஆனால் சீட்டில் பெயர் வர வேண்டுமானால் பட்டினவர் குடியில் ஆணாகப் பிறந்து தலைக்கட்டாக வேண்டும். மகளுக்குப் பாடு கிடையாது. சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளப் பெண்ணுக்கும் கிடையாது. தஞ்சையில் சிம்மாசனத்துக்குச் சொன்ன அதே வாக்கியம்தான் இங்கே தண்ணீருக்கும் சொல்லப்படுகிறது: முன்னோர் முறை. முன்னோர் முறை என்பது ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் கதவைச் சாத்தும் சத்தம். அங்கே போன ராஜ்யத்துக்காக நாவல் நாவலாக அழுகிறோம். இங்கே போகும் சாப்பாட்டுக்கு ஒரு பக்கம்கூட இல்லை.

கடைசியாக நமக்கே ஒரு வார்த்தை. இவர் புதுமைப்பித்தனின் வாரிசு, அவர் மௌனியின் வாரிசு என்று நம் பக்கங்களில் பட்டாபிஷேகம் நடந்துகொண்டேதான் இருக்கிறது. அந்தப் பட்டியல்களில் எத்தனை பெண் பெயர் என்று எண்ணிப் பாருங்கள். 1971-ல் இருபத்தாறாவது திருத்தம் ராஜாக்களின் மானியத்தையும் பட்டத்தையும் எடுத்துவிட்டது. விமர்சகன் கொடுக்கும் பட்டத்துக்குத்தான் இன்னும் திருத்தம் வரவில்லை. எழுத்தில் சுவீகாரம் செல்லாது. எழுதியதைப் படித்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.