அட்டையை வாசித்தால் போதாது

மண்கும்பான்,
வேலணை.

வடக்கு மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கு,

தீவுப்பகுதியில் கண் மங்கினால் ஒருவரும் பதறுவதில்லை. "வயது போனால் இப்பிடித்தானே" என்பார்கள். பெரும்பாலும் அது சரிதான்: கண்புரை, வெள்ளெழுத்து, சலரோகம். நான் எழுதுவது மிச்சமுள்ள சிலரைப் பற்றி.

இரு கண் நரம்புகளும் மூளையின் அடியில் சந்திக்கின்றன. அதற்கு நேர் கீழே கபச்சுரப்பி. அதில் கட்டி வளர்ந்தால் இரு ஓரப் பார்வையும் முதலில் குறையும். நேர்ப்பார்வை தெளிவாகவே இருக்கலாம். அப்படிப்பட்டவர் கண் சோதிக்கும் அட்டையின் கடைசி வரியையும் வாசித்துவிடுவார், சைக்கிளில் ஏறினால் பக்கத்தில் வரும் மினிபஸ் தெரியாது. இக்கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆனாலும் நெடுநாள் நசிந்த நரம்பு மீள்வது அரிது. மண்டைக்குள் அழுத்தம் கூடினால் குறி வேறு: குனிந்து நிமிரும்போது சில விநாடி கண் இருண்டு தெளியும், விடியற்காலையில் தலையிடி, சத்தி. மூக்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் புற்று மேலே ஏறினால் ஒன்று இரண்டாகத் தெரியலாம். இவர்களுக்கும் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பிவிட்டால், கண் முகாம் நடத்தாமலே இருந்திருக்கலாம்.

ஓரப்பார்வையை முதலில் சோதிக்க இயந்திரம் வேண்டாம். எதிரே இருந்து, ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, பக்கவாட்டில் விரலை அசைத்துக் கேட்டால் போதும். கண் முகாம்களில் இதைக் கட்டாயமாக்குங்கள்.

குழந்தைகளின் சங்கதி இன்னும் அவசரம். விழித்திரைப் புற்று பெரும்பாலும் 5 வயதுக்குள் வரும். கண்மணியில் பூனைக்கண் போல வெள்ளை மினுங்கும். ஃபோனில் ஃபிளாஷ் போட்டெடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் விழலாம். சிலருக்கு வாக்குக்கண்தான் முதல் குறி. அதை அதிர்ஷ்டம் என்று கொண்டாடுகிற சனம் நாங்கள்! புற்று கண்ணுக்குள் இருக்கும்போதே பிடிபட்டால், வசதியுள்ள நாடுகளில் 100க்கு 90க்கு மேற்பட்ட பிள்ளைகள் பிழைக்கிறார்கள். இந்தக் குறிகளைத் தாய்மாரிடம் கேட்டறியக் குடும்பநல உத்தியோகத்தர்களைப் பழக்குங்கள்.

நெடுந்தீவார் படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்துப் பண்ணைப் பாலத்தைத் தாண்டி யாழ்ப்பாணம் வர வேண்டும். அவரை "அடுத்த மாதம் வாருங்கோ" என்று திருப்பினால் பிறகு வரமாட்டார். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை பலர் நிதிக்காக நடந்து திரட்டிய பணம் தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவுக்குக் கட்டடமானது. கட்டடம் போதாது, அதுவரை நோயாளி போய்ச் சேர வேண்டும். தீவு வைத்தியசாலைகளிலிருந்து இக்குறிகளோடு வருபவருக்கு யாழ்ப்பாணத்தில் அன்றைக்கே கண் வைத்தியர் பார்க்கவும், தேவையென்றால் ஸ்கானுக்கு நாள் குறித்துக் கையில் கொடுக்கவும் ஒரு சுற்றறிக்கை விடுங்கள்.

இங்ஙனம்,
மண்கும்பான் வாசி ஒருவர்