ஏகமனதாக

“ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது” என்ற வாசகத்தைக் கூட்டக் குறிப்பில் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பத்துப் பேர் கூடிய இடத்தில் மனம் ஒன்றுதான் இருந்ததென்றால், மற்ற ஒன்பதும் எங்கே போயின?

காலை மின்சார ரயிலில் வந்து தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி, 1984இல் தொடங்கிய ‘மெப்ஸ்’ ஏற்றுமதி வளாகத்துக்குப் போகிறவர்களைப் பாருங்கள். எந்த மெஷின் மக்கர் செய்கிறது, எந்த ஷிப்டு ஆளை வாட்டுகிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. ரயிலில் அவர்கள் பேசுவதை நானும் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவர்களைக் கூட்டி உட்காரவைத்து, மேனேஜர் முதலில் தம் முடிவைச் சொல்லிவிட்டு, “உங்கள் அபிப்பிராயம் என்ன?” என்று கேட்டால் என்ன ஆகும்? தலைகள் ஆடும். அதற்குப் பெயர் சம்மதமாம்!

“சட்டம் இருக்கிறதே!” என்பார்கள். இருக்கிறது. நூறோ அதற்கு மேலோ தொழிலாளர் உள்ள ஸ்தாபனங்களில் ‘ஒர்க்ஸ் கமிட்டி’ அமைக்கும்படி சர்க்கார் உத்தரவிட 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டம் வழி செய்தது. தொழிலாளர் பிரதிநிதிகளின் எண்ணிக்கை முதலாளி தரப்பைவிடக் குறையலாகாது என்றும் சொல்லிற்று. 2020இல் இயற்றிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் இந்த ஏற்பாட்டைக் கைவிடவில்லை. தலைகளைச் சமமாக்கியாயிற்று, நாக்குகளைச் சமமாக்குவது யார்?

வங்காளத்து நார்த்புரூக் சணல் ஆலையில் நிர்வாகம் கொண்டுவந்த ஆட்குறைப்புச் சீரமைப்புத் திட்டத்துக்குக் கமிட்டியிலிருந்த தொழிலாளர் பிரதிநிதிகள் ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒப்புதல் மற்றத் தொழிலாளரைக் கட்டுப்படுத்தாது என்று 1960இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. கோர்ட்டு பேசியது கமிட்டியின் அதிகாரத்தைப் பற்றி. நான் கேட்பது அதற்கும் முந்திய கேள்வி: அறைக்குள் வாய் திறக்க முடிந்ததா?

கூட்டம் நடத்துகிறவருக்கு நான் சொல்வது இதுதான். எதை முடிவு செய்யக் கூடியிருக்கிறோம் என்பதை முதலில் சொல்லுங்கள். முடிந்துபோன விஷயமானால் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள், டீச்செலவாவது மிஞ்சும். புதிதாகச் சேர்ந்தவர் முதலில் பேசட்டும், மேனேஜர் கடைசியில் பேசட்டும். கூச்சப்படுகிறவர் துண்டுக் காகிதத்தில் எழுதித் தரட்டும். மறுப்பு இருந்தால் அதுவும் குறிப்பில் ஏறட்டும்.

“இதெல்லாம் நேர விரயம்” என்று அலுத்துக்கொள்வார்கள். அரைமணி மிச்சம் பிடிக்க நினைக்கிறார்கள்! அறையில் தலையாட்டியவர் மாலை ரயிலில்தான் தம் அபிப்பிராயத்தைச் சொல்கிறார். மறுநாள் அந்தத் தீர்மானத்தை நிறைவேற்ற வேண்டியவரும் அவர்தான்.