கோட்டையாக இருந்த குன்று

"ரங்கூனைக் கட்டியவன் தமிழன்." பர்மாவை விட்டு வந்தவர்களின் நினைவுக் குறிப்புகளில் இந்த வசனம் எப்படியும் வந்துவிடும். துறைமுகத்தில் மூட்டை சுமந்தது, வயல் திருத்தியது, 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொள்ள வெறுங்கையோடு கப்பலேறியது. எல்லாம் உண்மை. ஆனால் கதை ஏன் எப்போதும் மூட்டை சுமந்தவனிலிருந்தே தொடங்குகிறது என்பதுதான் என்னுடைய சண்டை.

2018 தை மாதம் மாமி, மனைவி, மகளோடு யாங்கோன் போயிருந்தேன். மாமி பிறந்த ஊர். ஷ்வேடகோன் நிற்கும் சிங்குத்தரக் குன்றின் படிகளில் செருப்பைக் கையில் பிடித்தபடி ஏறும்போது மாமி பேத்திக்குச் சொன்னார்: "இந்த ஊரையே நாமதான் கட்டினோம், கண்ணு."

இந்தக் குன்று 1852 முதல் 1929 வரை பிரிட்டிஷ் இராணுவத்தின் கோட்டை. 77 வருடம். அதற்கு முன்னர், 1824 மே மாதம் ரங்கூனில் இறங்கிய கும்பனிப் படையும் இங்கேதான் பீரங்கிகளை ஏற்றி இரண்டு வருடம் இருந்தது. வெடிமருந்து வைக்கலாமா என்று பார்க்கப் பகோடாவுக்குள் சுரங்கம் தோண்டினார்கள். 23 தொன் மணியொன்றைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோக இறக்கி, ஆற்றில் தவறவிட்டார்கள். அந்தப் படையின் சிப்பாய்களில் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தவர். தமிழர்களும் தெலுங்கர்களும் அதில் இருந்தார்கள். 1852 ஏப்ரல் 14 அன்று குன்றைப் பிடித்த படையிலும் சென்னைச் சிப்பாய்கள் இருந்தார்கள்.

மாமியிடம் இதைச் சொன்னேன். கோபித்துக்கொண்டார். "பசிக்குப் போனவங்க, மாப்பிள்ளை. வெள்ளைக்காரன் சொன்னா மாட்டேன்னு சொல்ல முடியுமா?"

நியாயமான கேள்வி. அதே 1824இல் பர்மாப் போருக்குப் புறப்பட மறுத்த வங்காளச் சிப்பாய்களைப் பரக்பூரில் சுட்டுத் தள்ளினார்கள். போருக்குப் போன சுமார் 40,000 பேரில் 15,000 பேர் திரும்பவில்லை. பெரும்பாலோரைக் கொன்றது நோய். பாவப்பட்டவர்கள்தான். ஆனால் பாவப்பட்டவன் கையில் இருந்ததும் துவக்குத்தான்.

1987இல் எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டுப் படலையில் நின்று ஒரு இந்தியச் சிப்பாய் நல்ல தமிழில் தண்ணீர் கேட்டான். அம்மா கொடுத்தா. அவனும் பசிக்குப் பட்டாளத்தில் சேர்ந்தவன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நாளைக்கு அவனுடைய பேரன் அதே ஒழுங்கையில் நின்று, "இந்த ரோட்டெல்லாம் எங்க தாத்தா போட்டது" என்று பிள்ளைக்குக் காட்டினால், வாசகரே, உங்களுக்கு எப்படியிருக்கும்?

குன்று விடுபட்ட மறுவருடம், 1930 மே மாதம், ரங்கூன் கலவரத்தில் வெட்டுப்பட்டவர்கள் துறைமுகக் கூலிகள். துவக்குத் தூக்கியவன் அல்ல, மூட்டை தூக்கியவன். அந்த வெட்டை நியாயப்படுத்த நான் வரவில்லை. பர்மியருக்கு நம்மேல் காரணமில்லாத வெறுப்பு என்று எழுதுகிற பேனாக்காரர் அந்த 77 வருடத்தையும் ஒரு பக்கம் எழுதட்டும் என்றுதான் கேட்கிறேன்.

மேலே போனபோது மாமி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஆற்றில் விழுந்த மணி அங்கே தொங்கியது. பர்மியர்கள் தாங்களாகவே மீட்டுக் கொண்டுவந்து கட்டியது. மகள் அதைச் சுற்றி வந்தாள்.

"அம்மம்மா, இதை இறக்கினதும் நாங்களா?"

மாமி என்னை ஒருதரம் முறைத்தார். பிறகு அடிக்கிற கட்டையை எடுத்துப் பேத்தியிடம் கொடுத்தார்.