இணைச் சிறப்பும் இறுதியாண்டுச் செயற்றிட்டமும்: இணைப்பு எங்கே?

இரு பாடங்களை இணைத்துச் சிறப்புப் பட்டத்துக்குப் பயிலும் முறை, அறிவுத்துறைகளுக்கிடையே எழுப்பப்பட்டுள்ள வேலிகளைத் தகர்க்கும் முயற்சியெனப் போற்றப்படுகின்றது. தமிழோடு கணினிக் கற்கையை ஒருவர் இணைத்துப் பயில்வாராயின், அவ்விரண்டும் சந்திக்கும் இடத்திலே புதியதொன்று பிறக்கும் என்பதே இம்முறையின் அடிப்படை நம்பிக்கையாகும். ஆயின், அந்நம்பிக்கை மெய்ப்பிக்கப்பட வேண்டிய இறுதியாண்டுச் செயற்றிட்டத்திலேயே அது கைவிடப்படுகின்றது என்பதுதான் எமது குற்றச்சாட்டு.

நடைமுறையில் நிகழ்வது யாது? கணினித்துறை தனிச் சிறப்பு மாணவருக்கென வகுத்த செயற்றிட்டத்தையே இணைச் சிறப்பு மாணவரிடமும் கேட்கின்றது. மற்றைய துறை தன் ஆய்வேட்டைக் கேட்கின்றது. மேற்பார்வையாளர் இருவர், ஒருவர் கேட்பதை மற்றவர் அறியார். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி சிறப்புப் பட்டத்துக்கு வேண்டிய திறமைப்புள்ளிகள் ஆகக்குறைந்தது 120. ஒரு புள்ளி 50 மணிநேரக் கற்றலைக் குறிக்கும். ஆக, நான்காண்டுகளுக்கு 6,000 மணிநேரம். தனிச் சிறப்பாயினும் இணைச் சிறப்பாயினும் கணக்கு ஒன்றே. அதே காலத்துள் இரு முழுப் பணிகளைச் சுமப்பவர் எளிய வழியை நாடுவதில் வியப்பென்ன? நூலக முகாமை முறைமை, விடுதிப் பதிவு முறைமை, வைத்தியசாலை முறைமை என்று ஆண்டுதோறும் அதே பட்டியல். சென்ற ஆண்டுச் செயற்றிட்டத்தில் 'நூலகம்' என்பதை நீக்கி 'வைத்தியசாலை' என்று இட்டால் இவ்வாண்டுச் செயற்றிட்டம் ஆயிற்று!

அந்த நூலக முறைமையையே எடுத்துக்கொள்வோம். ஒருங்குறியின் எண் வரிசைப்படியே தமிழ் நூற்பெயர்களை அடுக்கினால் நேர்வது என்ன? அவ்வரிசையில் னகரம் நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன் நிற்கின்றது. ஆகவே அகராதியிற் கப்பலுக்குப் பின் வரவேண்டிய 'கனி' முன்னே வந்துவிடும். 'பக்கம்' முன்வர வேண்டிய இடத்தில் 'பகல்' வந்து நிற்கும். 'மரம்' என்று தேடுவோருக்கு 'மரத்தை'யும் 'மரங்க'ளும் அகப்படா. 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல்லைக் கணினி ஐந்து குறியீடுகளாகவே எண்ணும். அவ்வெண்ணிக்கையை நம்பி வெண்பாவுக்கு அசை பிரிக்கப் புகுந்தால் தளை தட்டுமா தட்டாதா என்பதை எவர் சொல்வார்? இவற்றுக்குத் தீர்வு காண நிரலாக்கமும் வேண்டும், இலக்கணமும் வேண்டும். இணைச் சிறப்பு மாணவருக்குரிய பணி இதுவன்றோ? அவரோ வாடகைக் கணக்குக்குத் திரை வரைந்துகொண்டிருக்கின்றார்.

இத்தகைய செயற்றிட்டங்களிற் கணினி விஞ்ஞானத்தின் ஆழம் இராது என்பர் ஒரு சாரார். வரலாறு இவர்களுக்கு மாறாகவே பேசுகின்றது. 1949இல் றொபேட்டோ பூசா என்னும் இத்தாலிய யேசுசபைத் துறவி, தோமஸ் அக்குவைனசின் இலத்தீன் நூல்களுக்குச் சொல்லடைவு தயாரிக்க விழைந்து ஐ.பி.எம். நிறுவனத் தலைவர் தோமஸ் வாட்சனின் உதவியை நாடினார். பின்னாளில் 56 தொகுதிகளாக அச்சேறிய அப்பெரும்பணி, மொழிநூல்களைக் கணினிவழி ஆராயும் துறைக்கே முன்னோடியாயிற்று. திரிந்து வரும் சொல்வடிவங்களை அவற்றின் தலைச்சொல்லின்கீழ் ஒழுங்குபடுத்துவதே அங்கு எழுந்த பெருஞ்சிக்கல். 'மரம்' 'மரத்தை'யாகும்போது நாம் எதிர்கொள்வதும் அஃதேயாகும். அதை ஆழமற்றது என்போர், அதற்கு ஒருமுறையேனும் நிரல் எழுதிப் பார்ப்பார்களாக!

மேற்பார்வைக்கு ஆளில்லை என்பது இன்னொரு சாராரின் வாதம். இருவர் ஏற்கெனவே இருக்கின்றனர். அவர்கள் ஒரே மேசையில் அமர்வதில்லை என்பதே குறை. புள்ளியிடலின் தரம் குறையும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. நிரலின் செம்மையை ஒரு துறையும், பொருளின் செம்மையை மற்றத் துறையும் தத்தம் அளவுகோலாலேயே அளக்கலாம்.

எனினும் பழியனைத்தையும் விரிவுரையாளர் மீதே சுமத்துதல் நேர்மையாகாது. பழைய செயற்றிட்டத்தைப் பெயர்மாற்றிக் கொடுக்கும் கரம் எம்முடையதே. 'சித்தியடைந்தாற் போதும்' என்னும் மனப்பான்மை எம்மிடையே உள்ளவரை எந்தத் திருத்தமும் தாளோடு நின்றுவிடும். அதேவேளை, இரு பாடங்களும் இயல்பாகப் பொருந்தாவிடத்து வலிந்து முடிச்சிடுமாறும் நாம் கோரவில்லை; அவ்விடத்து விரும்பிய ஒரு துறையிற் செயற்றிட்டத்தைச் செய்ய மாணவருக்கு உரிமை இருத்தல் வேண்டும்.

எமது கோரிக்கை எளியது. இரு பணிகளுக்குரிய காலத்தை ஒன்றாக்கி ஒரே செயற்றிட்டம் வழங்கப்படுக. அதன் முன்மொழிவை இரு துறைகளும் கூடி ஏற்றுக்கொள்க. வாய்மொழிப் பரீட்சையில் இரு மேற்பார்வையாளரும் ஒருங்கே அமர்க. பட்டச் சான்றிதழில் 'இணை' என்ற சொல்லை அச்சிடுதல் இலகு. அச்சொல்லுக்குப் பொருள் கொடுக்கவேண்டிய இடம் இறுதியாண்டு. அதைக் கொடுக்க இயலாதெனின், அச்சொல்லை நீக்கிவிடுதலே நேர்மையாகும்.